மீதி 354 அதிகாரத்தை அப்பாவுக்காக நான் வாசித்து முடிக்கலாமா?

தேரிக்காட்டு மகள் | நவம்பர் 10, 2024

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கேள்வி சின்னதுதான். அதற்குப் பின்னால் இருக்கிற கதைதான் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 79 வயது. திருச்செந்தூர் பக்கம், தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். மிஷன் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், வர முடியாத ஞாயிறுகளில் கோவிலில் பிரசங்கமும் அவர்தான். செப்டம்பர் இரண்டாம் வாரம் ஒரு புதன்கிழமை காலையில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சொல்வது ஓரளவு புரிகிறது. வாசிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கொடுத்தால் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கையால் தள்ளிவிடுகிறார்.

இப்போது அவர் வாயில் தெளிவாக வருவது நாலைந்து சொல்தான். "ஆமா", "இல்ல", "ஏ பிள்ள", அப்புறம் "பாக்கி".

இந்தப் பாக்கிதான் எங்களைப் பாடாய்ப்படுத்தியது. விழித்தவுடன் பாக்கி, கஞ்சி கொடுத்தால் பாக்கி, ராத்திரி கண்ணில் நீர் வழிய பாக்கி. யாருக்கோ கடன் வைத்திருக்கிறார் போல என்று தம்பி பெங்களூரிலிருந்து வந்து மளிகைக் கடை, பால்காரர், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் ஏறி இறங்கினான். எங்கேயும் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. பால்காரர்தான், "நான்லா சாருக்கு இருநூறு ரூவா குடுக்கணும்" என்று எடுத்துக் கொடுத்தார்.

போன வாரம் அப்பாவின் வேதாகமத்தைத் தூசி தட்டியபோதுதான் எனக்குப் பிடிபட்டது. 2 முறை பைண்டிங் செய்த பழைய புத்தகம். கடைசியில் அட்டையை ஒட்டிய வெற்றுத்தாளில் வருகைப் பதிவேடு மாதிரி வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். 1983இல் தொடங்கி 2023 வரை 41 வரி. ஒவ்வொன்றும் ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் முடித்த தேதி. தினமும் 3 அதிகாரம், ஞாயிறு 5, டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். அதுதான் அவர் கணக்கு. பெரும்பாலும் மத்தியானமே முடித்துவிடுவார். 2009 வரியில் மட்டும் நேரமும் எழுதியிருக்கிறது: 31.12.2009, இரவு 11.40. அந்த இரவைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

42ஆவது வரியில் எண் மட்டும் போட்டிருக்கிறது. ரிப்பன் எசேக்கியேல் 33இன் முடிவில் கிடக்கிறது. அன்று காலை மூன்றில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகுமுன் விழுந்திருக்கிறார். உட்கார்ந்து எண்ணினேன். பழைய ஏற்பாட்டில் 94, புதிய ஏற்பாட்டில் 260. ஆக, பாக்கி 354.

இதில் எனக்குக் கோபம் வருவது எதனால் என்றால், கிருபை என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். ரோமர் 4ஆம் அதிகாரத்தை வைத்து அவர் செய்த பிரசங்கம் எங்கள் ஊரில் கொஞ்சம் பிரபலம். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்று வாசித்துவிட்டு, முன்வரிசைப் பையன்களிடம் கேட்பார்: "ஏலே, பனையேறி பயினி இறக்கிக் குடுத்துட்டுக் கூலி வாங்குதான். அந்தக் கூலிக்கு முதலாளி காலுல விழுவானா? விழ மாட்டான். அது அவன் துட்டு. நீ பனையே ஏறல, மரத்தடியில படுத்து ஒறங்குன. உனக்கும் துட்டு குடுத்தா? அதான்லே கிருபை." இப்படிச் சொன்ன மனிதர், 354 அதிகாரம் பனை ஏறவில்லையே என்று இப்போது அழுகிறார்.

எனக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. 10 வயதில் ஓய்வுநாள் பள்ளி வசனப் போட்டியில் 119ஆம் சங்கீதம் ஒப்புவித்தேன். 176 வசனம். 175 சொல்லிவிட்டேன். முடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கடைசி வசனத்தைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். ஆனாலும் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "கடைசி ஒண்ண விட்டுட்டியே" என்றார். அந்த டம்ளரில் இன்றுவரை நான் காப்பி குடித்ததில்லை.

கேள்வி இதுதான். நான் மதுரையில் ஐசியூ செவிலி. வாராவாரம் ஊருக்குப் போகிறேன், இப்போது 2 வாரம் லீவும் போட்டிருக்கிறேன். மீதி 354 அதிகாரத்தையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசித்து, 42ஆவது வரியில் தேதி போட்டுவிட்டால் நிம்மதியாகிவிடுவார் என்று தோன்றுகிறது. ஆனால் அப்படிச் செய்தால் "ஆமாம் அப்பா, பாக்கி இருந்தது உண்மைதான்" என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? வாசிக்காமல் "கிருபையிருக்கிறது, விடுங்கள்" என்று சொன்னால், பேச முடியாத மனிதரிடம் விவாதம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?

---

ஓய்வில் ஓர் ஆயர் | நவம்பர் 10

மகளே, உன் அப்பாவுக்கு ஒரு பெரிய கூட்டாளி உண்டு. ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர்.

அவர் அகுஸ்தீன் சபைத் துறவியாக இருந்தபோது ஒவ்வொரு நாளும் வேளை தவறாமல் சொல்ல வேண்டிய ஜெபங்கள் இருந்தன. விட்டன்பர்க்கில் பாடம் நடத்துவதும் எழுதுவதுமாக வேலை கூடியபோது அந்த ஜெபங்கள் நின்றுபோயின. விட்டதை விடலாமா? ஒரு வாரத்து ஜெபம், சில சமயம் இரண்டு மூன்று வாரத்து ஜெபம் என்று சேர்த்து வைத்து, ஒரு சனிக்கிழமை அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு, அன்னம் தண்ணீர் இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பார். அப்படி ஒருமுறை செய்து, தலை வெடிப்பது போலாகி, ஐந்து இரவு தூக்கம் வராமல் சாகக் கிடந்ததாகப் பிற்காலத்தில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவரே சொல்லியிருக்கிறார். இதை நம் ஊர் மொழியில் எப்படிச் சொல்வாய்? பாக்கியை அடைத்தார் என்றுதானே?

விசுவாசத்தினால் நீதிமான் ஆவதைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதத் தொடங்கிய பிறகும் இந்தப் பழக்கம் உடனே அவரை விடவில்லை. தலைக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியக் காலம் பிடிக்கும். உன் அப்பா பிரசங்கத்தில் சொன்னது பொய் என்று நினைக்காதே. பிரசங்க பீடத்திலிருந்து அவர் கட்டிலுக்குத் தூரம் அதிகம், அவ்வளவுதான். 35 வருடம் பிரசங்கித்த நானும் இதைத்தான் சொல்வேன்.

1546 பிப்ரவரியில் லூத்தர் இறந்தபோது, அவர் கடைசியாக எழுதிய துண்டுக் காகிதம் ஒன்று கிடைத்தது. "நாம் பிச்சைக்காரர்கள், இது உண்மை" என்பது அதன் கடைசி வரி.

உன் கேள்விக்கு என் பதில்: வாசி. ஆனால் தேதி போடாதே. அப்பாவுக்கு வேத வசனம் பிடிக்கும், அதற்காக வாசி.

இன்னொன்று. 10 வயதில் நீ விட்டுவிட்ட அந்தக் கடைசி வசனம் என்னவென்று எடுத்துப் பார்த்தாயா? 175 வசனமும் உம்முடைய கற்பனை, உம்முடைய பிரமாணம், உம்முடைய கட்டளை என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வருகிறவன், 176இல் "காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், உமது அடியேனைத் தேடுவீராக" என்று முடிக்கிறான். எல்லாப் பாடமும் ஒப்புவித்த பிறகும் தேடப்பட வேண்டியவனாகத்தான் நிற்கிறான்.

---

எழும்பிப் பிரகாசி | நவம்பர் 11

பிரைஸ் த லார்ட் சகோதரி. உங்கள் தகப்பனாரின் ஒழுங்கை வியாதி என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தமாக இருந்தது. 41 முறை வேதத்தை முழுதும் வாசித்தவர்கள் இன்று எத்தனை பேர்? நம் வாலிபர்கள் வேதத்தை போனில்கூடத் திறப்பதில்லை. கேட்டால் "கிருபை இருக்கு பிரதர்" என்கிறார்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதையும் பாருங்கள்.

ஹிட்லரை எதிர்த்துச் சிறைக்குப் போன போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகர் "மலிவான கிருபை" என்பதைப் பற்றி 1937இலேயே எழுதியிருக்கிறார். மனந்திரும்புதலும் சீஷத்துவமும் இல்லாமல் கிடைப்பதாக நினைக்கும் கிருபையைத்தான் அப்படிச் சொன்னார். அவர் சும்மா எழுதிவிட்டுப் போகவில்லை. 1945 ஏப்ரலில் தூக்கில் தொங்கினார். உங்கள் தகப்பனார் கிருபைக்கு விலை கொடுத்து வாழ்ந்தவர். 354ஐயும் வாசித்துத் தேதி போடுங்கள், அது அவருக்குக் கனம்.

---

தேரிக்காட்டு மகள் | நவம்பர் 11

தம்பி, நீங்கள் சொல்லும் சோம்பேறிக் கிருபை எனக்கும் ஆகாதுதான். ஆனால் அப்பா விஷயத்தில் மருந்து மாறிப்போகிறது. சர்க்கரை கூடியவருக்கும் சர்க்கரை குறைந்தவருக்கும் மயக்கம் வரும். குறைந்து மயங்கியவருக்குப் போய் இன்சுலின் போட்டால் ஆள் போய்விடுவார். போன்ஹோஃபர் தூங்குகிறவனை எழுப்புகிறார். அப்பா 41 வருடமாகத் தூங்கவே இல்லை.

ஆயர் ஐயா, அந்த வசனத்தை நேற்று ராத்திரிதான் முதன்முறையாக முழுசாக வாசித்தேன். நன்றி.

---

மூன்றாம் மணி | நவம்பர் 12

அக்கா, நான் கத்தோலிக்கப் பெண், கும்பகோணம் பக்கம். நீங்கள் கிருபை என்பதை நாங்கள் அருள் என்போம். "அருள் நிறைந்த மரியே" என்று நாங்கள் செபிக்கிற அதே இடத்தில் உங்கள் பைபிளில் "கிருபை பெற்றவளே" என்று இருக்கும்.

உங்கள் பக்கத்து ஆட்கள் எங்களைப் பார்த்து "நீங்கள் கிரியையால் மோட்சம் வாங்குகிற கூட்டம்" என்பது வழக்கம். அந்தச் சண்டையைப் பெரியவர்களே பாதி முடித்துவிட்டார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அறிக்கை இருக்கிறது. நம்முடைய தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். ஊர்ப் பங்குகளுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் எனக்கு உங்கள் கேள்வியே கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. அப்பாவுக்காக நீங்கள் வாசித்தால் அது கணக்கில் ஏமாற்று வேலை மாதிரி பயப்படுகிறீர்களே, ஒருவருக்காக இன்னொருவர் செய்வதுதானே எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது? என் பாட்டி நேர்ந்துகொண்ட வேளாங்கண்ணி நடைப்பயணத்தை, பாட்டிக்கு மூட்டு போன பிறகு என் அம்மா நடந்தார். நேர்த்திக்கடன் என்றுதான் சொல்கிறோம், பெயரிலேயே கடன் இருக்கிறது. ஆனால் அம்மா நடந்தது கடனுக்காக என்று நான் நினைத்ததில்லை. பாட்டி ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாளே என்றுதான் நடந்தார்.

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைத் தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்குவார்கள். உங்கள் அப்பாவுக்கு வந்த அதே நோய் மாதிரிதான். அவன் வாயைத் திறந்ததாக அதில் ஒரு வரி கிடையாது. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. அவனுடைய விசுவாசத்தை அல்ல, அவர்களுடையதை. கட்டிலின் ஒரு காலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா.

---

அரங்கத்துக்குப் பக்கத்து வீடு | நவம்பர் 12

நான் வைணவன். இங்கே எட்டிப் பார்ப்பதுண்டு, எழுதியதில்லை. இது எங்கள் வீட்டிலும் பல நூறு வருடமாக ஓடுகிற சண்டை என்பதால் எழுதுகிறேன்.

குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் கழுத்தைக் கவ்விக்கொண்டு போகும். பகவானை அடைய நம் பிடி கொஞ்சமாவது வேண்டும் என்பது வடகலை, அவன் பிடியே போதும் என்பது தென்கலை. என் அம்மா வழி ஒன்று, அப்பா வழி மற்றொன்று. திருமண் இட்டுக்கொள்ளும்போதே விவாதம் ஆரம்பித்துவிடும்.

உங்கள் அப்பா முதல் ரகம். ஆனால் அவருக்கு நான் சொல்ல விரும்புவது பெரியாழ்வாரின் ஒரு வரி. தளர்ச்சி வந்து நலியும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, அதனால் "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்" என்று அரங்கனிடம் பாடுகிறார். உங்கள் அப்பா 41 வருடம் சொல்லி வைத்துவிட்டார். இனி அவர் சொல்ல வேண்டியதில்லை.

---

ஓய்வில் ஓர் ஆயர் | நவம்பர் 12

அழகான வரி, ஐயா. நானும் மனப்பாடமாக வைத்திருப்பதுதான். ஆனால் அதை இவர் அப்பாவிடம் சொன்னால் சேமிப்புக் கணக்கில் 41 வருடம் போட்டு வைத்தது நல்லதாயிற்று என்று எடுத்துக்கொள்வாரே!

---

அரங்கத்துக்குப் பக்கத்து வீடு | நவம்பர் 12

அதற்கும் பதில் இருக்கிறது. சுயநினைவு உள்ளபோது ஒருமுறை என்னை நினைத்தவன், கடைசியில் கட்டை போல, கல் போலக் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன் என்று வராகப் பெருமாள் சொன்னதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நினைக்கிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான். இதில் சேமிப்பு எங்கே வந்தது?

---

ஓய்வில் ஓர் ஆயர் | நவம்பர் 12

இதற்கு நான் ஆமென் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

நாக்குப் பழக்கு | நவம்பர் 13

நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவன். இறையியலுக்குள் போக மாட்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும்.

அக்கா, பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு ஒரே சொல் ஓயாமல் வந்துகொண்டிருப்பது உண்டு. தண்ணீர் வேண்டும் என்றாலும் அதே சொல், வலிக்கிறது என்றாலும் அதே சொல். நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. "பாக்கி" என்பதை வைத்துக்கொண்டு நீங்கள் எல்லாரும் இவ்வளவு பேசிவிட்டீர்கள். அவர் சொல்ல வருவது அதுதானா என்று முதலில் பாருங்கள். ஊகித்து வாயில் திணிக்காதீர்கள். மூன்று பொருளை முன்னால் வைத்து, ஒரு சின்னக் கேள்வி கேட்டு, கையால் காட்டச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். பொருட்களை இடம் மாற்றி வைத்துவிட்டு இன்னொருமுறை கேளுங்கள்.

இன்னொன்று, பேச முடியாதவர்களில் பலரால் பழகிய பாட்டைப் பாட முடியும். பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் கைகொடுப்பதால் அப்படி. பாடிப் பாருங்கள்.

---

தேரிக்காட்டு மகள் | நவம்பர் 24

பத்து நாளாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். எழுதலாமா என்றும் யோசித்தேன்.

நாக்குப் பழக்கு தம்பி சொன்னபடி செய்தேன். கட்டிலில் மூன்று பொருள் வைத்தேன்: மளிகைக் கடைச் சிட்டை, வேதாகமம், அம்மாவின் போட்டோ. "பாக்கி எதுலப்பா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து இடது கை வேதாகமத்தின் மேல் விழுந்தது. இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் வேதாகமம்தான். நான் நினைத்தது சரி என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. ரிப்பன் இருந்த இடத்தில் திறந்து, "எசேக்கியேல் 34, சரியாப்பா?" என்றேன்.

"இல்ல."

கையால் பக்கங்களைத் தள்ளினார். ஒன்றொன்றாக வராமல் கொத்துக் கொத்தாகச் சரிந்தன. கடைசி வெற்றுத்தாள் வந்ததும் நிறுத்தினார். ஆள்காட்டி விரல் வரிகளின் மேல் மெதுவாக இறங்கி 2009இல் நின்றது.

"பாக்கி."

அந்த இரவைப் பற்றி எழுத விருப்பமில்லை என்றேன். எழுதிவிடுகிறேன். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டிசம்பர் 31 இரவு பதினொன்று இருக்கும், நன்றாக நினைவோடு இருந்தார். "அப்பாவக் கூப்பிடு" என்றார். அப்பா வெளியே வராந்தா பெஞ்சில், ட்யூப் லைட்டுக்கு நேரே உட்கார்ந்து வெளிப்படுத்தல் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஆஸ்பத்திரி அலைச்சலில் பிந்திப்போயிருந்தது. நான் போய்க் கூப்பிட்டேன். தலை நிமிராமல் ஒரு கையை உயர்த்தி, "ரெண்டு அதிகாரந்தான், வந்துட்டேன்" என்றார். முடித்து, தேதி எழுதி, நேரமும் எழுதி, உள்ளே வந்தபோது அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. அப்புறம் பேசவே இல்லை. ஜனவரி 2 விடியற்காலையில் போய்விட்டார்.

அப்பா இதை ஒருநாளும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. அவருக்கு ஞாபகமே இல்லை என்று நினைத்திருந்தேன். அடுத்த வருடமும் அதே 3, அதே 5, அதே பேனா.

அவர் விரல் அந்த வரியில் இருந்தபோது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வார்டில் எத்தனை பேருடைய மகன்களிடமும் மகள்களிடமும் "சொல்லிருங்க, கேட்டுட்டுதான் இருக்காங்க" என்று சொல்லியிருப்பேன். அன்று எனக்கு வாயில் வரவில்லை. "கஞ்சி ஆறிரும்" என்று சொல்லி அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். ஆறியிருந்த கஞ்சியை மறுபடி சுட வைத்து, அது கொதித்து, மறுபடி ஆறும்வரை அங்கேயே நின்றேன். கிட்டத்தட்ட 15 வருடமாக நானும் ஒரு பதிவேடு வைத்திருந்திருக்கிறேன். அவர் தாளில் எழுதினார், நான் எழுதவில்லை.

அன்று ராத்திரி எதுவும் பேசத் தெரியாமல் எசேக்கியேல் 34ஐ வாசித்தேன். மேய்ப்பர்களைத் திட்டுகிற அதிகாரம். ஆடுகளை நானே தேடுவேன் என்று கர்த்தர் சொல்கிற இடத்தில் "எலும்பு முறிந்ததைக் காயங்கட்டி, நசல்கொண்டதைத் திடப்படுத்துவேன்" என்று வருகிறது. நசல் என்றால் நோய். 24 வருடம் செவிலியாக இருக்கிறேன், இந்தச் சொல்லை ஒரு நோயாளியும் என்னிடம் சொன்னதில்லை. அடுத்த துண்டு, "புஷ்டியும் பெலமுமுள்ளவைகளை அழிப்பேன்". அதை வாசித்ததும் அப்பா தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார். பயந்துபோய்ப் பார்த்தேன். சிரிக்கிறார். வலது பக்கம் உதடு எழும்பாமல், பாதி முகத்தில் சிரித்துக்கொண்டு, எலும்பாகிப்போன தன் வலது கையை இடது கையால் தூக்கி எனக்குக் காட்டினார்.

மறுநாள் ஞாயிறு. கோவில் மணி அடித்த பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். சின்ன வாக்கியமாக, தம்பி சொன்ன மாதிரி. "அம்மா உங்களத் தேடுனாங்க. நெசந்தான். நீங்க வரல. அதுவும் நெசந்தான். அம்மாகிட்ட அது பாக்கி இருக்காது. எங்கிட்டயும் இல்லப்பா." அழகுபடுத்தி, "நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தார். அதனால்தானே சொல்ல வேண்டியிருந்தது.

"ஏ பிள்ள" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் அம்மா சமையலறையில் பாடும் ஒரு கீர்த்தனையை எடுத்தேன். எனக்குச் சுருதி சேராது, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது அடியில் அப்பா சேர்ந்துகொண்டார். வார்த்தை பிசகாமல் இரண்டு அடி முழுதும் பாடினார். பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு வீடியோ அனுப்பினேன். அவன் இன்னும் பதில் போடவில்லை, அழுதுகொண்டிருப்பான்.

போன வெள்ளிக்கிழமை வேதாகமத்தின் கடைசித் தாளைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார். பென்சிலைக் கேட்டார். இடது கையில் பிடித்து 2009 வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அடித்தாரா, அடிக்கோடு போட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கோடு கோணலாகி எழுத்தின் மேலேயே ஓடிவிட்டது. கேட்டேன். "ஆமா" என்றார், இரண்டுக்கும்.

எழும்பிப் பிரகாசி தம்பி, தேதி போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் மணி, கட்டில் காலைப் பிடித்திருக்கிறேன், கனமாகத்தான் இருக்கிறது. வாசிப்பு நடக்கிறது. இப்போது எசேக்கியேல் 40க்கு வந்திருக்கிறோம். ஆலயத்தின் அளவுகள் வாசலுக்கு இத்தனை முழம், தூணுக்கு இத்தனை முழம் என்று பக்கம் பக்கமாக வருகிறது. அப்பா மூன்றாவது வாசலிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிடுகிறார். முன்பெல்லாம் கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வாசிப்பார்.

லீவு முடிந்தது, நாளைக் காலை எனக்கு டியூட்டி. பையைத் தூக்கிக்கொண்டு, "அடுத்த சனிக்கிழம வாரேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். தலையணைப் பக்கத்திலிருந்த வேதாகமத்தைத் தட்டி, ரிப்பனைக் காட்டி, பாதி முகத்தில் சிரிப்போடு "பாக்கி" என்றார்.